கர்னலுக்கு விழுந்த கைதட்டல்

கர்னல் ஆம்ப்ரோஸ் விட்லாக் பிறந்தது கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில், ஏசி மக்கர் செய்த ஒரு பிற்பகலில். பிறக்கும்போதே அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வெள்ளை மீசை, வெள்ளைத் தொப்பி, தென் கரோலினாவில் கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தித் தோட்டம், அதில் இருநூறு அடிமைகள்.

பிரசவம் பார்த்தவள் மங்கையர்க்கரசி.

ஆபீசில் எல்லோருக்கும் அவள் அரசி. வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவள். அதைவிட முக்கியம், மதுரைப் பக்கத்தில் மைக் பிடித்துப் பழகிய பட்டிமன்றப் பேச்சாளர். இல்லறம் இனிக்கக் காரணம் கணவனா மனைவியா என்று மேலூரில் கணவன் அணியில் பேசி ஜெயித்துவிட்டு, அதே வாரம் திருமங்கலத்தில் மனைவி அணியில் பேசியும் ஜெயித்தவள். எந்த அணி என்பதெல்லாம் அவளுக்கு எந்த பஸ் என்கிற மாதிரிதான். கை காட்டினால் ஏறிக்கொள்வாள்.

'தர்க்கா டிஜிட்டல்' கம்பெனி அவளை வேலைக்கு எடுத்ததும் இதற்காகத்தான். அவர்கள் செய்து விற்பது வாதப்பொறிகள். ஒரு காலகட்டத்தின் மேடைப் பேச்சு, கடிதம், பத்திரிகைத் தலையங்கம், கோர்ட்டு வாக்குமூலம் எல்லாவற்றையும் கொட்டி அரைத்தால், அந்தக் காலத்து ஆள் ஒருவர் திரையில் எழுந்து நின்று வாதாடுவார். இன்னார் என்று பெயர் சொல்ல முடியாது. அந்த மாதிரி ஆசாமிகள் அத்தனை பேரையும் சேர்த்துப் பிசைந்த ஒருவர். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்வார், ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில்.

கர்னலை ஆர்டர் செய்தது அமெரிக்காவில் ஒரு அருங்காட்சியகம். அதன் அதிகாரி டெக்ஸ்டர் ப்ரூவிட், காணொளியில் பல் தெரியச் சிரித்தார். அவர் பேசப் பேசக் கருவி தமிழாக்கிக்கொண்டே வந்தது.

"அடிமை முறை சரியா, தவறா? இரண்டு தரப்பும் வாதாடட்டும். பார்வையாளர்கள் ஓட்டுப் போடட்டும். எங்களுக்கு ஒரே நிபந்தனைதான். முடிவு ஐம்பதுக்கு ஐம்பது வர வேண்டும்."

"அதெப்படி சார் சரிபாதி வரும்?" என்றாள் அரசி.

"நாற்பத்தொன்பது வந்தாலும் சமாளிப்போம். எங்கள் நிர்வாகக் குழுவில் இரண்டு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். யார் மனமும் புண்படக் கூடாது. அப்புறம், 'அடிமை' என்ற சொல் வேண்டாமே. 'ஊதியம் பெறாத பணியாளர்' என்று போடுங்கள்."

அரசி மைக்கை அணைத்தாள். பக்கத்திலிருந்த சென்னியப்பனிடம் குனிந்து, "நம்ம ஆபீஸ்ல இதுக்கு ட்ரெய்னின்னு பேரு, இல்லையா சார்?" என்றாள்.

சென்னியப்பன் கம்பெனியின் மனிதவள மேலாளர். சிரிக்க வாயெடுத்தவர், கூரையிலிருந்த கேமரா ஞாபகம் வந்து, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அரசி மைக்கைத் திறந்தாள். "உள்நாட்டுப் போர் எதுக்காக நடந்துச்சுன்னு போடறது சார்?"

"மாநில உரிமைக்காக."

"எதைச் செய்யறதுக்கான உரிமை?"

ப்ரூவிட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது இரண்டாவது கேள்வி அல்லவா? எங்கள் பட்ஜெட் முதல் கேள்விக்கு மட்டும்தான்."

ஒரு வரலாற்று முனைவர் அங்கேயே எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் அரசிக்குள் இருந்த பட்டிமன்றக்காரி காதைத் தீட்டிக்கொண்டாள். மாநில உரிமை! தமிழ்நாட்டில் எந்த மேடையிலும், எந்த ஊரிலும், மழை பெய்தாலும் கைதட்டல் நிச்சயமாக விழுகிற சரக்கு அல்லவா அது?

அங்கேதான் தப்பு நடந்தது.

முதலில் கர்னல் சுத்த அறுவையாக இருந்தார். பைபிள் வசனம், கிரேக்கத் தத்துவம், மறுபடி பைபிள் வசனம். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். அரசி அவரை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள்.

"கர்னல், முதல்ல சிரிக்க வைங்க. உங்களை நீங்களே கிண்டல் பண்ணிக்கிட்டா இன்னும் நல்லது. அப்புறம் அம்மா சென்டிமென்ட். அப்புறம் எதிரணிக்கு ஒரு குத்து. கைதட்டல் அடங்கறதுக்குள்ள உட்காந்துடணும். புரியுதா?"

"புரிகிறது, சகோதரி" என்று தொப்பியைக் கழற்றி வணங்கினார் கர்னல். நல்ல மாணவர்.

சாப்பாட்டு வேளையில், கேன்டீனில், சொந்த ஊழியர்களை உட்கார வைத்து வெள்ளோட்டம் பார்த்தார்கள். கர்னல் மீசையை நீவிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நடுவர் அவர்களே! தலைநகரில் குளிருக்கு இதமாக உட்கார்ந்துகொண்டு, எங்கள் மண்ணில் எதை விதைப்பது, எங்கள் வீட்டில் யார் சமைப்பது என்று உத்தரவு போட நீங்கள் யார்? எங்கள் வரி இனிக்கிறது, எங்கள் பருத்தி இனிக்கிறது, எங்கள் உரிமை மட்டும் கசக்கிறதா?"

கேன்டீன் அதிர்ந்தது. டெஸ்டிங் பிரிவில் ஒருத்தன் விசிலடித்தான். சாம்பார் வாளியோடு நின்றவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். அந்த மனிதர் கேட்பது அடிமை வைத்துக்கொள்ளும் உரிமை என்பது ஒருவருக்கும் ஞாபகமில்லை.

எதிரணியில் ஹெஸ்டர். தோட்டங்களிலிருந்து தப்பியோடி வந்த பெண்களின் வாக்குமூலங்களை வைத்து உருவாக்கியது. தலையில் துணி கட்டிய நடுவயதுப் பெண். எழுந்து நின்றாள்.

"எந்த உரிமை? என்னை விக்கிற உரிமை. வேற ஒண்ணும் எனக்குத் தெரியல."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். ஒரு கை கூடத் தட்டவில்லை.

"இந்தம்மாவுக்கு மேடை வரல" என்றாள் அரசி. ஹெஸ்டரை அப்படியே விட்டுவிட்டாள்.

ஓட்டில் கர்னல் அபாரமாக ஜெயித்தார். அருங்காட்சியகம் பதறியது. "ஐம்பதுக்கு ஐம்பது, ப்ளீஸ்!" என்று மெயில்மேல் மெயில் போட்டார் ப்ரூவிட். ஆனால் கம்பெனியின் எம்.டி. வித்யாதரன் மூக்கில் வேறு ஒரு வாசனை ஏறியிருந்தது.

மறுவாரத்திலிருந்து, வேலையை விட்டுப் போக விரும்புகிறவர்கள் கர்னலைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

"வடக்கே போய்ப் பார், மகளே" என்பார் கர்னல். "அங்கே தொழிலாளி சுதந்திரமானவன். காய்ச்சல் வந்தால் சுதந்திரமாகச் சாகலாம். வயதானால் சுதந்திரமாகத் தெருவில் நிற்கலாம். இங்கே உனக்கு பஸ் உண்டு, சாப்பாடு உண்டு, மருத்துவக் காப்பீடு உண்டு. உன்னை யார் இப்படிப் பார்த்துக்கொள்வார்கள்?"

கல்யாணத்துக்காக ராஜினாமா கொடுக்கப் போன நித்திலா, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கல்யாணத்தைத் தள்ளி வைத்திருந்தாள். அரசி இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தான் பெற்ற பிள்ளை ஊரையே அடிக்கிறான் என்றால் தாய்க்குக் கொஞ்சம் பெருமையும் இருக்கத்தானே செய்யும்?

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சென்னையிலிருந்து கடிதம் வரும் வரைக்கும்தான் இருந்தது.

அரசுக் கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை. இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாவது தடவை கிடைத்தது. திங்கட்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாதவர்களின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வயது வரம்பைப் பார்த்தால் இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

ஒரிஜினல் எல்லாம் சென்னியப்பன் அறையிலிருந்த இரும்பு பீரோவில். வேலைக்குச் சேரும் அன்றைக்கே வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவது கம்பெனி வழக்கம். பாண்ட் என்கிற வேலை ஒப்பந்தம் முடிந்தால்தான் வெளியே வரும்.

"ஏனுங்க அரசி, ஒரிஜினலுக்கு இப்ப என்னங்க அவசரம்? அது பத்திரமா இருக்குதுங்க."

"என்கிட்ட பத்திரமா இருக்கட்டும் சார்."

"பாண்ட் முடியோணுமில்லீங்க?"

"போன வருஷமே முடிஞ்சுது."

"அதுக்கப்புறம் தீயணைப்பு ஒத்திகையில கலந்துக்கிட்டீங்கல்ல? அதும் ட்ரெய்னிங்தானுங்க. ஒரு ட்ரெய்னிங்குக்கு ஒரு வருசம் கூடும்."

"சார்! மணல் வாளியத் தூக்கிட்டு மாடிப்படி எறங்கினேன். அதுக்கு ஒரு வருஷமா?"

"வாளிய எப்படித் தூக்கோணும்னு கத்துக் குடுத்தாங்கல்ல?" சென்னியப்பன் அண்ணாந்து கேமராவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "என்னைய மொறைக்காதீங்க. ரூல் போடறது ஒருத்தரு, வேலை செய்யறது ஒருத்தரு. நான் நடுவால நிக்கிற மேஸ்திரிங்க."

விஷயம் எம்.டி. காதுக்குப் போனது. வித்யாதரன் கோபப்படவில்லை. அவர் கோபப்படவே மாட்டார்.

"எதுக்கு மேடம் மனஸ்தாபம்? இது ஜனநாயக கம்பெனி. வியாழக்கிழமை கேன்டீன்ல ஒரு பட்டிமன்றம் வைப்போம். சர்டிபிகேட் கம்பெனிகிட்ட இருக்கறது நியாயமா, இல்லையா? நீங்க ஒரு பக்கம், கர்னல் ஒரு பக்கம். ஸ்டாஃப் ஓட்டுப் போடட்டும். ஜெயிச்சா அன்னிக்கே கையில வாங்கிட்டுப் போங்க. நீங்கதான் பட்டிமன்றப் புலியாச்சே!"

புலிக்குத் தன்மானம் முழித்துக்கொண்டது. சரி என்றது.

வியாழக்கிழமை. கேன்டீனில் நிற்க இடமில்லை. முதல் வரிசையில் வித்யாதரன், காலின்மேல் கால். பக்கத்துத் திரையில், நிகழ்ச்சியை நேரலையாகப் பார்க்க ப்ரூவிட். நடுவர் நாற்காலியில் சென்னியப்பன். கழுத்தில் யாரோ மாலை கூடப் போட்டிருந்தார்கள்.

அரசி நன்றாகவே பேசினாள்.

"நடுவர் அவர்களே! என் பட்டத்தைப் பத்திரமா வெச்சிருக்கோம்ங்கறாங்க. அடகுக் கடைக்காரர் கூட நம்ம நகையைப் பத்திரமாத்தான் வெச்சிருக்கார். அதுக்காக அவரை மாமான்னு கூப்பிட முடியுமா?"

சிரிப்பு வந்தது. ஆனால் அரைச் சிரிப்பு. ஒவ்வொருத்தரும் முதலில் முதல் வரிசையைப் பார்த்துவிட்டுச் சிரித்த மாதிரி இருந்தது.

கர்னல் எழுந்தார்.

"நடுவர் அவர்களே! சகோதரி புலி. நான் கிழட்டு ஆடு. ஆட்டைப் புலி தின்பது இயற்கை. ஆனால், புலிக்கு இந்தக் கேன்டீனில் சைவச் சாப்பாடுதான்!"

வெடிச் சிரிப்பு. அரசியும் தன்னை மறந்து சிரித்தாள். அப்புறம்தான் உறைத்தது, அது அவள் சொல்லிக் கொடுத்த வாய்ப்பாடு என்று.

"ஒரு அட்டைத் தாளுக்காகச் சண்டையா, சகோதரி? எங்கள் நாட்டிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. வடக்கும் தெற்கும் மோதி, ஆறு லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் செத்தார்கள். எதற்கு? கொஞ்சம் பொறுத்திருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். பத்து வருஷம், இருபது வருஷம், ஐம்பது வருஷம். காலம் எதைத்தான் மாற்றவில்லை?"

"யார் பொறுக்கணும் கர்னல்?" அரசி எழுந்தே விட்டாள். "அந்த ஐம்பது வருஷமும் பருத்தி பறிக்கப் போறது நீங்களா? சமாதானம் சமாதானம்னு சொல்றீங்களே, சாட்டை உங்க கையில இருக்கறப்ப அதுக்குப் பேரு சமாதானமா?"

"நடுவர் அவர்களே, என் நேரத்தில் குறுக்கிடுகிறார்."

மணியை அடித்தார் சென்னியப்பன். "அரசி, உக்காருங்க. விதின்னு ஒண்ணு இருக்குதுங்க." கைதட்டல் கர்னலுக்கு விழுந்தது.

கர்னல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். குரல் கரகரத்தது. "என்னைத் தூக்கி வளர்த்தவள் ஒருத்தி. எங்கள் தோட்டத்துப் பணிப்பெண். ஒருநாள் அவளிடம் கேட்டேன், உனக்கு விடுதலை வேண்டுமா என்று. அவள் என் தலையைக் கோதினாள். 'ராசா, கதவைத் திறந்து விட்டாலும் காலு உன் வாசலைத் தாண்டாதுப்பா' என்றாள்."

முன்வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம். திருமங்கலத்தில் மனைவி அணிக்காக அரசியே எழுதி, பாடம் எடுத்தபோது கர்னலுக்கு மாதிரியாகக் கொடுத்த வசனம் அது. அங்கேயும் இதே இடத்தில்தான் அழுதார்கள்.

"கர்னல் கட்சிக்காரங்க கை தூக்குங்க" என்றார் சென்னியப்பன்.

காடு மாதிரிக் கைகள் எழுந்தன. நித்திலா தூக்கினாள். விசிலடித்தவன் மறுபடி விசிலடித்துக்கொண்டே தூக்கினான். கேமரா வரிசை வரிசையாகக் கழுத்து அட்டைகளைப் படித்துக்கொண்டு போனது. நடுவர் சென்னியப்பன் இரண்டு கைகளையும் தூக்கினார். மாலை கழுத்தில் குலுங்கக் கை தட்டினார். அன்றைக்கு அங்கே அவரளவுக்குச் சத்தமாகத் தட்டியவர்கள் யாருமில்லை.

"நடுவருக்கு ரெண்டு ஓட்டா?" என்று வித்யாதரன் சிரித்தார்.

அரசிக்கு விழுந்தது ஒரு ஓட்டு. அது அவளுடையது.

திரையில் ப்ரூவிட் துள்ளிக் குதிக்காத குறை. "அற்புதம்! பணியாளர்களே முதலாளிக்கு ஓட்டுப் போடுகிறார்கள்! இந்தப் பதிவை அப்படியே நுழைவாயிலில் வைக்கிறோம். இதைவிட நடுநிலையான சான்று எங்கே கிடைக்கும்?"

கேன்டீன் காலியானது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அரசி பையை எடுக்க லேபுக்குப் போனாள். மூலையில் ஹெஸ்டரின் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கக் கூட யாருக்கும் தோன்றவில்லை போல.

"தோத்துட்டேன்" என்றாள் அரசி, யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே என்று.

"கேட்டுச்சு" என்றாள் ஹெஸ்டர்.

"நீங்க பேசியிருந்தா ஜெயிச்சிருப்பீங்களோ?"

"எனக்கு ஜெயிக்கத் தெரியாது. அந்த ஓட்டை எப்படி எடுத்தாங்க?"

"கையைத் தூக்கச் சொல்லி."

"எசமான் இருந்தாரா?"

"முதல் வரிசையில."

ஹெஸ்டர் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அரசிக்கு அன்றுதான் தெரிந்தது.

"எங்க தோட்டத்துக்கு வடக்கேருந்து ஒரு பாதிரி வந்தார். ரொம்ப நல்ல மனுசன். எங்களை வரிசையா நிக்க வெச்சு, சந்தோசமா இருக்கீங்களான்னு கேட்டார். எசமான் அவர் தோள்ல கை போட்டுக்கிட்டு நின்னார். எல்லாரும் சந்தோசம்னோம். அதுல நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாச் சொன்னேன். ஒரு பாட்டுக்கூடப் பாடினேன். பாதிரி அதைக் கேட்டுக் கண்கலங்கி, ஊருக்குப் போய்ப் புஸ்தகம் எழுதினார்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"மறுநாள் விடியறதுக்குள்ள நான் ஆத்தைத் தாண்டணுமே அம்மா. முந்தின நாள் என்மேல யாருக்காவது சந்தேகம் வரலாமா?"

அரசி நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் உங்களை மேடை வராதவங்கன்னு நினைச்சேன்."

"நானும் ஒரு மனுசின்னு வாதாடி, அதை அவங்க ஒத்துக்கிட்டு, ஓட்டுப் போட்டு, அப்புறம்தான் கிளம்பணும்னா, இன்னும் அங்கதான் பருத்தி பறிச்சுக்கிட்டிருப்பேன்" என்றாள் ஹெஸ்டர். "நீ ஏன் இன்னும் உக்காந்திருக்கே?"

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை. தொழிலாளர் துறை அலுவலகம் திறப்பதற்கு முன்பே அரசி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கையால் எழுதிய புகார் பையில் இருந்தது. தான்தான் முதல் ஆள் என்று நினைத்து வளைவில் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

வாசலிலிருந்து வேப்பமரம் வரை ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் தெரிந்த முகம். கழுத்து அட்டை மட்டும் இல்லை.

"நித்திலா? நேத்துக் கையத் தூக்கின?"

"எம்.டி. முன்னாடி உட்காந்திருந்தாரேக்கா. வேறென்ன பண்றது? நேத்து நீங்க கேட்டீங்கல்ல, யார் பொறுக்கணும்னு. வீட்டுக்குப் போய் அவருக்குப் போன் பண்ணி, மண்டபத்த புக் பண்ணச் சொல்லிட்டேன்."

"நீயுமாப்பா? அந்த விசிலு?"

விசிலடித்தவன் தலையைச் சொறிந்தான். "நல்லா விசிலடிச்சா ஒரு வாரத்துக்கு நம்ம பக்கம் திரும்ப மாட்டாங்க மேடம். லீவ் கேட்டேன், உடனே குடுத்தாங்க."

அரசி வரிசையோரமாகவே முன்னால் நடந்தாள். வாசற்படியில், எல்லோருக்கும் முதலாவதாக, டிபன் பாக்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சென்னியப்பன்.

"சார்! நீங்க எங்க சார் இங்க?"

அவர் எழுந்து நின்றார். ஆபீசில் நிற்பதைவிட இங்கே கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தார்.

"என்ற பி.காம். சர்டிபிகேட்டும் அதே பீரோலதானுங்க இருக்குது, மேல் தட்டுல. ஒம்பது வருசமா தெனமும் பாக்கறேன். திருப்பூர்ல மச்சான் கம்பெனியில கூப்புடறாங்க. போக முடியலீங்க."

"பீரோ சாவி?"

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சின்னச் சாவி. தேய்ந்து பளபளத்தது.

"ஒம்பது வருசமா சாவி உங்ககிட்டயே இருந்துச்சா?"

"ஆமாங்க."

"தொறந்து எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாமே சார்!"

"அதெப்படீங்க?" சென்னியப்பன் நிஜமாகவே திடுக்கிட்டார். "தொறன்னு யாராச்சும் உத்தரவு போடோணுமில்லீங்க?"

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அரசிக்கு நேற்றுப் பேசியதைவிட நல்ல பேச்சு ஒன்று தொண்டை வரை வந்தது. அடகுக்கடை, புலி, ஆடு, எல்லாம் வந்தன. விழுங்கினாள்.

"சரி. நான் சொல்றேன். தொறங்க."

சென்னியப்பன் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அதைக் கொஞ்சம் எழுத்துல குடுத்துருவீங்களா?"

அரசி புகார்த் தாளை எடுத்துத் திருப்பினாள். நித்திலாவின் முதுகில் வைத்து எழுதினாள். 'பீரோவைத் திறக்கவும். அவரவருடையதை அவரவரிடம் கொடுக்கவும்.' கீழே முழுப் பெயரையும் எழுதி, இன்னும் கைக்கு வராத பட்டங்களையும் ஒன்று விடாமல் போட்டுக் கையெழுத்திட்டாள்.

அவர் இரண்டு முறை படித்தார். நாலாக மடித்துப் பையில் வைத்தார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். வரிசை கலையாமல் அப்படியே அவர் பின்னால் திரும்பியது.

ஸ்கூட்டரில் வந்து இறங்கிய பெண் அதிகாரி, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கூப்பிட்டார். "என்னம்மா, இத்தனை பேர் வந்துட்டு எல்லாரும் கிளம்பறீங்க? புகார் இல்லையா?"

"இருக்கு மேடம்" என்றாள் அரசி, நடந்துகொண்டே. "ஒரு பீரோ தொறக்க வேண்டியிருக்கு. தொறந்துட்டு வந்து குடுக்கறோம்."